அத்தான் என் பக்கம் தள்ளிய தட்டுகள்

குடை விற்கிறவன் குடை இல்லாமல் சிங்கப்பூருக்குப் போனேன். மாயவரத்தில் எங்கள் கடையில் கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, கைத்தடிப் பிடி வைத்த குடை என்று விட்டம்வரை தொங்கும். அதில் ஒன்றைப் பெட்டியில் வைக்கத் தோன்றவில்லை. கப்பலை விட்டு இறங்கியதும் பிடித்த மழை, சிராங்கூன் ரோட்டில் அக்கா வீட்டு மாடிப்படி ஏறும்வரை விடவில்லை. நம் ஊர் மழை காற்றை அனுப்பி, மண்வாசனையை அனுப்பி, சொல்லிவிட்டு வரும். இந்த ஊர் மழைக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. குழாயைத் திறந்த மாதிரி வருகிறது, மூடிய மாதிரி போகிறது.

சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து அத்தான் வைத்திலிங்கம் சிரித்தார்.

"கொடக்கடை மொதலாளி வந்துட்டாரு லா! செல்லம், துண்டு கொண்டா!"

இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டிருந்தாலும் சிரிப்பு பழைய சிரிப்புதான். பேச்சுதான் வாய்க்குள் கொட்டைப்பாக்கை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. அத்தான் ஹார்பரில் சரக்கு எண்ணும் கிளார்க். கப்பல் மேல்தட்டில் நின்று கீழே நிற்கும் கூலிகளுக்குத் தமிழிலும் மலாயிலும் ஹொக்கியன் என்கிற சீன மொழியிலும் மாற்றி மாற்றிக் கத்துவார். எத்தனை பளுதூக்கி இயந்திரம் இரைந்தாலும் அவர் குரல் மேலே நிற்கும். ஊருக்கு வந்த காலத்தில் அவர் கடைவீதியில் நின்று என்னைக் கூப்பிட்டால் ரயிலடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

அக்கா என்னைப் பின்கட்டுச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். நாலு குடித்தனத்துக்கும் பொதுவான அடுப்படி. பக்கத்து அடுப்புக்காரி போகும்வரை அரிசி களைந்துகொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாக்குல புண்ணுடா கோவிந்து. பொல்லாத புண்ணு. ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா புண்ணக் கருக்க லைட்டு வச்சுப் பாத்தாங்க, கேக்கல. திங்கக்கிழமை சேந்துக்கச் சொல்லிட்டாங்க. பாதிக்கு மேல நாக்க எடுத்துடுவாங்களாம். அதான் ஒன்ன வரச் சொன்னேன். நான் மட்டும் தனியா எப்படிடா நிப்பேன்?"

இந்த இடத்தில் ஒரு தம்பி செய்ய வேண்டியது என்ன? அக்காவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வேண்டும். நான் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் என் நாக்கை நீட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சிவப்பு. பதினெட்டு வயதிலிருந்து வெற்றிலை போடுகிற நாக்கு சிவக்காமல் என்ன செய்யும்? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்ததும் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்துச் சன்னல் வழியாகப் பின்னாலிருந்த சாக்கடையில் எறிந்தேன்.

அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வெத்தலயப் போட்டது சரி. டப்பா வெள்ளியாச்சே?"

மறுநாள் சனிக்கிழமை. அன்று முழுவதும் நான் போகிற வருகிற கண்ணாடிகளிலெல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். தேக்கா சந்தை எதிரில் முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் நீட்டியபோது, உள்ளே சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் பதிலுக்குத் தன் நாக்கை நீட்டிக் காட்டினார். நல்ல சுத்தமான நாக்கு. பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் அத்தான் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திட்டத்தைச் சொன்னார். நாளை ஞாயிறு. ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். காலையில் தேக்காவில் மொய்தீன் பாய் கடைக் கோப்பி. அடுத்து நார்த் பிரிட்ஜ் ரோட்டு முர்தபா. சைனாடவுனில் மீன் உருண்டை போட்ட மீ. வெயில் ஏறினால் செண்டோல். இருட்டும் நேரத்துக்குப் பீச் ரோட்டில் சாத்தே.

"இந்த ஊர்ல கவர்னர் இல்லாம இருந்துடலாம், இந்தக் கடைங்க இல்லாம இருக்க முடியாது லா. எதுவும் விட்டுப்போகக்கூடாது. எந்தக் கடைக்கும் வயித்த ரொப்பிக்கிட்டுப் போகக்கூடாது, அளவாப் போகணும்."

அக்கா முறத்தோடு வந்து நின்றாள். "போங்க, நான் வேணாங்கல. ஆனா கவிச்சி தொடக்கூடாது. காளி கோயில்ல நேந்திருக்கேன். நீங்க எழுந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் கவிச்சி கிடையாது."

"நேந்தது நீ. நாக்கு என்னது."

"நாக்குக்குத்தான் நேந்தேன்!"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "கோவிந்து, கூடப் போ. ஒரு துண்டு கறி அவரு வாயில போச்சுன்னா நீ ஊருக்குத் திரும்பிப் போகாத, அப்படியே கடல்ல குதிச்சிடு." இப்படியாக நான் காவல்காரனாக நியமிக்கப்பட்டேன். குதித்தால் நீந்தத் தெரியாது என்ற கவலையில் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அத்தான் அதைப் பாராட்டினார். நாளைக்கு இடம் வேண்டுமாம்.

ஞாயிறு காலை மொய்தீன் பாய் கடை. இந்த ஊர்க் கோப்பிக் கடையில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசுவதில்லை. உட்கார்ந்தவர் இருந்த இடத்திலிருந்தே கத்துகிறார். கல்லாவில் இருப்பவர் அதை வாங்கிப் பின்னால் அடுப்படிக்குக் கத்துகிறார். கேட்ட குரலை வைத்தே யாருக்கு என்று அடுப்படியில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. நம் ஊர் ஓட்டலில் சர்வர் பக்கத்தில் வந்து நின்று பாட்டாகப் படிப்பார், நாம் தலையை ஆட்டினால் போதும். இங்கே தொண்டை இல்லாதவனுக்குக் காப்பி கிடையாது.

அத்தான் உட்கார்ந்தார், மூச்சை இழுத்துக்கொண்டார். "பாய்! கோப்பி ஓ ஒண்ணு! கட்டியா! சாசர்ல ஊத்தி ஆறவச்சு!"

பாய் திரும்பினார். முகம் விரிந்தது. "யாரு, வைத்தியா? கொரல் கொஞ்சம் தேஞ்சிருக்கே, ராவு பூரா சம்சாரத்தோட சண்டையா?"

"சண்டை போட்டாத் தேயுற கொரலா இது? மச்சினன் வந்துருக்காப்ல, ஊர்லேந்து. கொடக்கடை. அவருக்குப் பால் ஊத்தி, சீனி தூக்கலா!"

பால் இல்லாத கறுப்புக் காப்பி வந்தது. அத்தான் சாசரைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், உதட்டை நனைத்தார், என் பக்கம் தள்ளினார். "நீ குடி. எனக்கு இன்னும் நாலு கடை இருக்கு." என்னுடையதையும் அவருடையதையும் குடித்தேன். காப்பியில் கறி இல்லை என்பதால் காவல்காரன் நிம்மதியாக இருந்தான்.

அடுத்தது பஸ். இங்கே தலையில் இரண்டு கொம்பு வைத்த மின்சார பஸ் ஓடுகிறது. கொம்பு மேலே போகும் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். ஒரு திருப்பத்தில் படார் என்று சத்தம், ஒரு பொறி, பஸ் செத்துவிட்டது. எனக்கும் பாதி உயிர் போய்விட்டது. மின்சாரம் உள்ளே பாய்ந்துவிட்டது என்று இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டேன். எதிரிலிருந்த மலாய்ப் பெண்மணி என் செருப்பிலிருந்து தன் கூடையைத் தள்ளி வைத்தாள். கண்டக்டர் கொட்டாவி விட்டபடி இறங்கி, நீண்ட மூங்கிலால் கொம்பைப் பிடித்துக் கம்பியில் மாட்டினார். அத்தான் சன்னலில் தலையை நீட்டி அவரிடம் மலாயில் ஏதோ கத்தினார். கண்டக்டர் சிரித்துவிட்டார்.

"என்ன அத்தான் சொன்னீங்க?"

"என் மச்சினன் ஏற்கெனவே கால மடிச்சுட்டான், மெதுவா மாட்டுங்கன்னேன்."

முர்தபா கடையில் மாவை விசிறிபோல வீசுகிறார்கள். மெல்லிசாக விரிந்த மாவில் கொத்துக்கறியும் முட்டையும் வைத்து மடித்துக் கல்லில் போடுகிறார்கள். அத்தான் கல்லுக்கு எதிரில் போய் நின்று, வெங்காயம் எவ்வளவு, முட்டை எத்தனை, ஓரம் எப்படிச் சிவக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்தார். மாவு வீசும் ராவுத்தர், "இருவது வருசமா இதே பாட்டத்தான் பாடுறீங்க, நானும் என் இஷ்டத்துக்குத்தான் போடுறேன்" என்றார். தட்டு வந்தது. நான் அத்தானின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தட்டைத் தொட்டது. தட்டு என் பக்கம் வந்தது.

"சாப்புடு லா. நேத்தி எனக்கும் அவளுக்குந்தானே, ஒனக்கு இல்லயே."

மனிதர் எவ்வளவு கட்டுப்பாடு என்று அசந்துபோனேன். அசந்துபோய் முழுத் தட்டையும் முடித்தேன்.

சைனாடவுனில் மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன், தின்ற முர்தபாவுக்காக. சந்துக்குள் மீ என்கிற சேமியா விற்கிற சீனர் ஒரு மூங்கில் துண்டை இன்னொன்றால் தட்டித் தாளம் போட்டுத்தான் ஆளைக் கூப்பிடுகிறார். அத்தான் அவரோடு ஹொக்கியனில் பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சண்டை என்று நினைத்து ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். பார்த்தால், மீக்காரர் கண்ணைத் துடைத்துச் சிரிக்கிறார். பன்றி வேண்டாம், மீன் உருண்டை மட்டும் என்று அத்தான் சொன்னாராம். அந்த ஒரு வரிக்கு அவ்வளவு நேரமா? கிண்ணம் வழக்கம்போல் என் பக்கம் வந்தது. இரண்டு குச்சியால் சாப்பிட வேண்டும். ஒரு உருண்டை துள்ளிப் போய் அடுத்த மேசைக்காரர் சட்டைப்பையில் விழுந்தது. அவர் அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு நன்றி என்றார். அத்தான்தான் மொழிபெயர்த்தார், அதையும் ரசித்து, இரண்டு தடவை.

இதற்குள் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்திருந்தது. வேட்டியை இரண்டு முறை தளர்த்திவிட்டேன். அத்தானுக்கோ வேறு மாதிரி. பேச்சு இன்னும் தடித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கடைக்கும் பிறகு கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார். எடுத்துப் பார்த்து, மடித்து, பைக்குள் வைத்தார். எதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. காவல்காரனுக்கு ஒரே வேலை, கறியைக் கவனிப்பது.

செண்டோல் கடை ஒரு தள்ளுவண்டி. மலாய்க்காரர் ஒருவர் மரநிழலில் நிறுத்தியிருந்தார். பச்சைப் புழு மாதிரி மாவுத் துண்டுகள், மேலே சீவிய ஐஸ், பனைவெல்லப் பாகு, தேங்காய்ப்பால். கறி கிடையாது, மீன் கிடையாது. விரதத்துக்குப் பொருத்தமான பண்டம் அன்று இது ஒன்றுதான். அத்தானும் அதையே சொல்லி, முதல் முறையாகத் தனக்கும் ஒரு கிண்ணம் வாங்கினார். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகா... அமிர்தம் லா, கோவிந்து. இந்தப் பாகு இருக்கே, மலாக்காவுலேந்து வருது. இந்த இனிப்பு வேற எதுலயும் கிடையாது."

நானும் ஒரு கரண்டி போட்டேன். புளித்துப்போயிருந்தது. வெயிலில் நின்ற தேங்காய்ப்பால் திரிந்து, நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்குகிற அளவு புளிப்பு. ஐஸ் மட்டும் இல்லையென்றால் வாசனையே ஆளை விரட்டியிருக்கும். துப்பிவிட்டேன்.

"அத்தான், கீழ வைங்க! இது கெட்டுப்போச்சு!"

அத்தான் இரண்டாவது கரண்டியை விழுங்கிவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியா?" என்றார்.

நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ முறை பயந்திருக்கிறேன், பெரும்பாலும் ஒன்றும் இல்லாததற்கு. அந்த மரநிழலில் எனக்கு வந்தது அந்தப் பயமில்லை. என் நாக்கை எந்தக் கண்ணாடியிலும் பார்க்கத் தோன்றவில்லை.

"எத்தன நாளா அத்தான்?"

"லைட்டு வச்சப்பவே போச்சு. உப்பு, உறைப்பு, ஒண்ணும் கிடையாது. காயிதத்த மெல்லுற மாதிரி. ஒங்கக்காவுக்குத் தெரியாது. அவ ஆக்கிப் போடுறத நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லியே ஓட்டுறேன்."

"அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்? எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு..."

"தின்னவா வந்தேன்?" கைக்குட்டையை வாயில் அழுத்தி எடுத்தார். "நாளைக்கழிச்சு இந்தக் கடைக்கெல்லாம் வந்தா எப்படிக் கேப்பேன்? ஊமையன் மாதிரி வெரல நீட்டணும். அவங்க பாவப்பட்டு எதையாச்சும் கொண்டாந்து வைப்பாங்க. இருவது வருசமாக் கத்திக் கத்திக் கேட்டு வாங்குன கடைங்கடா. ஒரு தடவ, எல்லாத்துலயும், என் வாயாலயே கேட்டுடலாம்னு வந்தேன்."

நாள் முழுவதும் அவர் கையைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாயைக் கவனிக்கவில்லை.

வண்டிக்காரர் நான் துப்பியதைப் பார்த்துவிட்டு, என்னவென்று மலாயில் கேட்டார். முகத்தில் கலவரம். அத்தான் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "சத்தம் போடாத. அவனுக்கு வியாபாரமே இன்னைக்கு மந்தம்." பிறகு வண்டிக்காரரிடம் நிதானமாக எதையோ சொல்ல, அவர் அவசரமாகத் தேங்காய்ப்பால் சட்டியைத் தூக்கி முகர்ந்து பார்த்து, சாக்கடையில் கவிழ்த்தார். "என்ன சொன்னீங்க?" என்றேன். "ஐஸ் குளுமை தாங்காம மச்சினனுக்குப் பல்லு கூசிருச்சு, அப்படியே பாலையும் ஒருக்கா பாத்துக்கன்னேன்."

ட்ரைஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் பீச் ரோட்டுக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுகிற சீனர் தார்ப்பாயை இழுத்து எங்கள் இருவரையும் மூட்டைபோல் மூடினார். இருட்டுக்குள் தொடை இடிக்க உட்கார்ந்திருந்தோம். அத்தான் பேசவில்லை. குரலைச் சேர்த்து வைக்கிறார் என்று புரிந்தது.

மழை விட்ட பிறகு சாத்தேக்காரர்கள் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார்கள். ஈர்க்குச்சியில் குத்திய கறித் துண்டுகள் புகைந்தன. பக்கத்திலேயே கடல். அத்தான் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, சாத்தேக்காரர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். வந்தது சொல் இல்லை. ஈரமான ஒரு சத்தம். நாள் முழுக்கப் பேசியதில் நாக்கு வீங்கிவிட்டது.

சாத்தேக்காரர் விசிறியை நிறுத்தினார். "என்ன?" என்று அவர் மலாயில் கேட்டது எனக்கே விளங்கியது.

அத்தான் மறுபடியும் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவசரக்காரன், எழுந்து அடுப்பைக் காட்டி, விரலை நீட்டிக் கையை ஆட்டினேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். எலும்பு நொறுங்குகிற பிடி. ஹார்பர் ஆளின் கை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சாத்தேக்காரர் பொறுமையாக நின்றார். வேறு ஆட்கள் வந்து கேட்டார்கள், தின்றார்கள், போனார்கள். அத்தான் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் எழுந்து, சாத்தேக்காரர் தோளில் கையை வைத்துவிட்டு நடந்தார். திட்டத்தில் ஒரு கடை விட்டுப்போயிற்று.

வீட்டு வாசலில் அக்கா என்னைத் தனியே ஒதுக்கினாள். "தொட்டாரா?"

"இல்லக்கா. சத்தியமா ஒண்ணும் தொடல. எல்லாம் நான்தான்." நான் சின்ன வயதிலிருந்து சொன்ன பொய்களையெல்லாம் நம்பியவள், இந்த ஒரு உண்மைக்கு என் வேட்டியை முகர்ந்து பார்த்தாள். பிறகு காளி கோயில் திசையில் கும்பிட்டாள்.

கரைத்த சோற்றில் ரசம் ஊற்றிக் கொடுத்தாள். அத்தான் மெல்ல விழுங்கினார். "உப்புச் சரியா இருக்காங்க? இன்னைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சோன்னு..." என்றாள். அத்தான் விரலை வளைத்துப் பிரமாதம் என்று காட்டினார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன். உப்புக் கரித்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் கேட்டார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. அத்தான் பெயரைச் சொன்னார். அப்பா பெயர், ஊர், தாலுகா, எந்தக் கப்பலில் வந்தார், ஹார்பரில் எந்த கேட், எல்லாம் சொன்னார். அவர் கேட்டது பெயர் மட்டும்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அறுவைக்குப் பிறகு பிழைப்பாரா என்று ஒரு வாரம் யாரும் சொல்லவில்லை. பிழைத்தார். கன்னம் ஒருபக்கம் உள்ளே போய், எச்சில் நிற்காமல், மூக்கு வழியே குழாயில் கஞ்சி குடித்து, எலும்பாக வீடு வந்தார். அக்கா நேர்ச்சையை முடித்து மீன் குழம்பு வைத்தாள். அவர் தலையை அசைத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்.

நான் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னை வா என்று கையசைத்தார். மொய்தீன் பாய் கடைக்குப் போனோம். பழைய மேசை. நாங்கள் உட்கார்வதற்கு முன்பே பாய் கல்லாவை விட்டு எழுந்து, தானே ஒரு கறுப்புக் காப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் அத்தான் எதிரில் வைத்தார். சேதி எட்டியிருக்க வேண்டும், கண் கலங்கியிருந்தது.

அத்தான் சாசரைப் பார்த்தார். வழக்கம்போல் என் பக்கம் தள்ளினார்.

பாய் கையைப் பிசைந்துகொண்டு கல்லாவுக்குத் திரும்பி உட்கார்ந்தார். அத்தான் பொறுத்திருந்தார். பிறகு மேசையில் ஓங்கி ஓர் அறை. எல்லாரும் திரும்பினார்கள். மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினார். தமிழ் இல்லை, மலாய் இல்லை, எந்த மொழியும் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த ஒரு ஊளை. தெருவில் போன ட்ரைஷாக்காரர் காலை ஊன்றிவிட்டார். நான் பயத்தில் மேசைக்கு அடியில் பாதி போய்விட்டேன், இதில் கூட்டிச் சொல்வது ஒன்றும் இல்லை.

பாய் அடுப்படிப் பக்கம் திரும்பி, பழைய தொண்டையில் கத்தினார்.

"கோப்பி ஓ ஒண்ணேய்! கட்டியா! வைத்திக்கு! கேக்குதா, சீக்கிரம், மனுசன் கத்துறாரு!"

வந்தது. அத்தான் துண்டைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, பாதி சிந்தி, பாதி விழுங்கி, சாசர் காயும்வரை குடித்தார். என் பக்கம் எதையும் தள்ளவில்லை.